கடிகாரமும் கச்சானும்: முறைவழியாக்கியின் வேகத்தை உயர்த்துதல் பற்றிய ஒரு நோக்கு

எந்த இயந்திரத்திற்கும் இரண்டு அளவுகள் உள. ஒன்று, உற்பத்தியாளர் அதன்மீது பொறித்து விற்கும் அளவு. மற்றையது, அவ்வியந்திரம் உண்மையில் தாங்கக்கூடிய அளவு. இவ்விரண்டிற்குமிடையே எப்பொழுதும் ஓர் இடைவெளி விடப்படுகின்றது. மேசைக் கணினியின் மையமாகிய முறைவழியாக்கியை, அதாவது கடைத்தெருவிற் 'புரொசெசர்' என வழங்குவதை, உற்பத்தியாளர் குறித்த வேகத்திற்கு மேலாக இயக்குவது அவ்விடைவெளிக்குள் நுழையும் முயற்சியேயாகும். 'ஓவர்குளொக்கிங்' எனப் பரவலாக அறியப்படும் இச்செயலை 'மிகைவேக இயக்கம்' என இக்கட்டுரையில் வழங்குவோம்.

தமிழாய்வுச் சஞ்சிகையொன்றில் இப்பொருளுக்கு இடமேது என வாசகர் வினவக்கூடும். இன்று பழைய ஏடுகளையும் சஞ்சிகைகளையும் வருடிப் படமாக்குவதும், படத்திலுள்ள எழுத்துக்களைப் பிரித்தறிந்து தேடத்தக்க பாடமாக்குவதும், சொற்றொகுதிகளைக் கணக்கெடுப்பதும் கணினியின்றி நடைபெறுவதில்லை. 2005இல் ஆரம்பித்த நூலகம் எண்ணிம நூலகத்தின் பணியை அறிந்தோர்க்கு இது புதிய செய்தியன்று. ஆனால், 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது சில வாரங்களுக்குள் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை உயர்ந்தது. அதனோடு புதிய கணினியொன்றை வாங்குதல் ஆசிரியர், மாணவர், சிற்றச்சக உரிமையாளர் ஆகியோருக்கு எட்டாத காரியமாயிற்று. இருக்கும் இயந்திரத்திலிருந்து இன்னுஞ் சிறிது வேகத்தைப் பெறலாகாதா என்னும் வினா இந்நிலையில் எழுவது இயல்பே. நிலாவெளி கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்து மாணவரும் துறைமுகப் பகுதியின் தட்டச்சு நிலையத்தாரும் அவ்வினாவை எழுப்பினால், அவர்களுக்கு இப்பிரதேசத்தின் வெப்பத்தையும் உப்புக் காற்றையும் மின்சாரத்தையுங் கணக்கிலெடுத்த விடையே பயன்படும். குளிர்நாட்டு வழிகாட்டிகள் இருபத்திரண்டு பாகை வெப்பநிலையுள்ள அறையை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை.

முதலிற் கடிகாரம் என்பது யாதென நோக்குவோம். கணினியின் தாய்ப்பலகையிற் சீரான துடிப்பைத் தரும் ஓர் ஏற்பாடு உண்டு. இன்றைய மேசைக் கணினிகளில் அதன் அடிப்படை மீடிறன் பெரும்பாலும் 100 மெகாஹேர்ட்ஸ். முறைவழியாக்கி அதனை ஒரு பெருக்கெண்ணாற் பெருக்கித் தன் வேகமாகக் கொள்கின்றது. பெருக்கெண் 35 எனின் வேகம் 3.5 கிகாஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 350 கோடி துடிப்புகள். ஒவ்வொரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையிலுள்ள நேரத்தினுள் பல திரான்சிற்றர்கள் சங்கிலித் தொடராக நிலைமாறி, விடையை உரிய இடத்திற் சேர்ப்பித்தல் வேண்டும். மிக நீண்ட சங்கிலி எதுவோ அதுவே முழுவதற்கும் எல்லையை வகுக்கின்றது. துடிப்பை நெருக்கினால் அந்நீண்ட சங்கிலி தன் வேலையை முடிக்குமுன்னரே அடுத்த கட்டளை வந்துவிடும். பிழையான விடை பதிவாகும். வோல்ற்றளவைக் கூட்டினால் திரான்சிற்றர்கள் விரைந்து நிலைமாறும். ஆகவே வேகத்தை உயர்த்துவோர் ஒரு கட்டத்தில் வோல்ற்றளவையும் உயர்த்த நேரிடுகின்றது. ஆபத்துத் தொடங்கும் இடமும் அதுவே.

முறைவழியாக்கி இயங்கும்போது செலவாகும் மின்வலு, மீடிறனுக்கு நேர்விகித சமமாகவும் வோல்ற்றளவின் வர்க்கத்திற்கு நேர்விகித சமமாகவும் உயர்கின்றது. வேகத்தை மாத்திரம் நூற்றுக்குப் பத்து வீதம் கூட்டினால் வலுவும் ஏறத்தாழப் பத்து வீதமே கூடும். வேகத்தோடு வோல்ற்றளவையும் பத்து வீதம் கூட்டினால் வலு முப்பத்துமூன்று வீதம் கூடும். 65 உவாற்று எடுத்தது 86 உவாற்றுக்கு மேல் எடுக்கும். பத்து வீத வேகத்துக்கு மூன்றிலொரு பங்கு மேலதிக வெப்பம் என்பதே இதன் பொருள். சூடேறிய சிலிக்கனிற் கசிவு மின்னோட்டமும் அதிகரிப்பதால் உண்மையான கணக்கு இதனினும் சிறிது மோசமானது. இந்த வெப்பச் சுவரில் உற்பத்தியாளரே மோதியுள்ளனர். 4 கிகாஹேர்ட்ஸ் பென்ரியம் 4ஐ வெளியிடுவதாக அறிவித்திருந்த இன்ரெல் நிறுவனம் 2004 ஒக்ரோபரில் அதனைக் கைவிட்டு, வேகத்தைக் கூட்டுவதற்குப் பதிலாகக் கருக்களின் எண்ணிக்கையைக் கூட்டும் வழியை நாடிற்று.

உற்பத்தியாளர் விடும் இடைவெளி ஏன் உள்ளது என்பதை ஆராயுமிடத்துத் தொழில்நுட்பக் காரணம் ஒன்றும் சந்தைக் காரணம் ஒன்றும் பின்னிக்கிடப்பதைக் காணலாம். ஒரே சிலிக்கன் தட்டிலிருந்து வெட்டியெடுக்கப்படும் துண்டுகள் யாவும் ஒரே தரத்தனவல்ல. அவற்றைச் சோதித்து, தாங்கும் வேகத்திற்கேற்ப வகுத்து, வெவ்வேறு பெயரிலும் விலையிலும் விற்பர். மிக மோசமான குளிர்ப்பியோடும் பல ஆண்டுகள் உழைக்கவேண்டும் என்பதற்காக ஒரு பாதுகாப்பு எல்லையும் விடப்படும். இதுவரை நியாயமே. ஆனால் தொழிற்சாலையின் செய்முறை முதிர்ந்து நல்ல துண்டுகளே பெருகும்பொழுது, மலிவான பண்டத்துக்கான கேள்வியை நிறைவுசெய்ய நல்ல துண்டுகளுக்கும் குறைந்த வேகம் குறிக்கப்படுகின்றது. 1998இல் வெளிவந்த செலரோன் 300ஏ இதற்குப் புகழ்பெற்ற சான்று. அதன் பெருக்கெண் 4.5, தாய்ப்பலகையின் துடிப்பை 66இலிருந்து 100 மெகாஹேர்ட்ஸுக்கு மாற்றிய மாத்திரத்தில் 300 மெகாஹேர்ட்ஸ் துண்டு 450இல் இயங்கிற்று. அதே வேகத்துக்குரிய பென்ரியம் 2இன் விலையோ அதனிலும் பன்மடங்கு. 2000ஆம் ஆண்டளவில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் டியூரோன், அத்லோன் துண்டுகளின் மேற்பரப்பிலிருந்த நுண்ணிய துண்டிப்புகளைச் சாதாரண பென்சிற் கோட்டினால் இணைத்துப் பெருக்கெண்ணைத் திறந்தவர் பலர். பென்சிலின் காரீயம் மின்னைக் கடத்துமென்ற பள்ளிக்கூட அறிவு ஒரு பெருநிறுவனத்தின் விலைப்பட்டியலைக் குலைத்தமை சுவையானதொரு செய்தி.

நிறுவனங்கள் இதற்குக் கண்ட விடை, பூட்டையே பண்டமாக்குவதாயிற்று. 2010இல் இன்ரெல், பென்ரியம் ஜி6951 என்னும் முறைவழியாக்கியில் ஏற்கெனவே இருந்து முடக்கப்பட்ட சில ஆற்றல்களை 50 டொலர் அட்டையொன்றை வாங்கினாற் திறந்துவிடும் திட்டத்தைத் தொடங்கிற்று. எதிர்ப்பினிடையே மறு ஆண்டில் அது கைவிடப்பட்டது. 2011 ஜனவரியில் வெளிவந்த தலைமுறையிலிருந்து பெருக்கெண் திறந்த துண்டுகள் 'கே' என்னும் எழுத்தைப் பெயரின் ஈற்றிற் கொண்டு கூடிய விலைக்கு விற்கப்பட்டு வந்துள்ளன. 2012இல் மிகைவேகத்தாற் பழுதாகும் துண்டை ஒருமுறை மாற்றித்தரும் தனிக் காப்புறுதியையும் அந்நிறுவனம் விற்றது. 2021இல் அதனை நிறுத்திற்று. பண்டத்தின் பயன்மதிப்பை வேண்டுமென்றே குறைத்து, அக்குறைப்பை நீக்குவதற்குத் தனி விலை பெறும் இவ்வேற்பாட்டை நோக்குவோர்க்கு, 'மூலதனம்' முதற்றொகுதியில் இயந்திரங்களின் இருவகைத் தேய்வு பற்றி மார்க்ஸ் கூறியவை நினைவுக்கு வரும். உழைப்பினால் வரும் பௌதிகத் தேய்வு ஒன்று; மேலான இயந்திரம் சந்தைக்கு வருவதனாற் பழையது மதிப்பிழக்கும் தேய்வு மற்றொன்று. ஏழைநாட்டு வாசகன் தன் பழைய கணினியை மிகைவேகத்தில் இயக்கும்போது, இரண்டாவது தேய்வைத் தள்ளிப்போட முதலாவது தேய்வை விரைவுபடுத்துகிறான். அவன் செய்யும் பண்டமாற்று இதுவென்பதை உணர்ந்தே செய்தல் வேண்டும்.

பௌதிகத் தேய்வு உருவகமன்று. நுண்ணிய உலோக இழைகளினூடு மின்னோட்டம் பாயும்போது இலத்திரன்கள் உலோக அணுக்களைச் சிறிது சிறிதாக இடம்பெயர்க்கின்றன. நாளடைவில் இழை மெலிந்து அறுகின்றது. 1969இல் ஜேம்ஸ் பிளக் வகுத்த சமன்பாட்டின்படி மின்னோட்ட அடர்த்தி கூடக்கூட ஆயுள் குறைகின்றது. வெப்பநிலை கூடும்போது அது அடுக்குமுறையிற் சரிகின்றது. ஆகவே வெப்பநிலையே எல்லாவற்றிலும் முதன்மையான கேள்வி.

இங்கே திருகோணமலையின் கால நிலை முன்னுக்கு வருகின்றது. மே தொடங்கி ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைப் பொழிந்துவிட்டு, வெம்மையும் வறட்சியுமாகக் கீழைக்கரையை அடைகின்றது. மக்கள் அதனைக் கச்சான் என்பர். நண்பகலில் வெளி வெப்பநிலை 33, 34 பாகை செல்சியஸ் என்பது சாதாரணம். தகரக் கூரையின் கீழ் அதனினுங் கூடும். காற்றினாற் குளிர்விக்கும் எந்தக் குளிர்ப்பியும் முறைவழியாக்கியை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுசெல்ல இயலாது. அறையின் மேல் இத்தனை பாகை என்ற வித்தியாசத்தைத்தான் அது காக்கும். இருபத்திரண்டு பாகை அறையில் முழுச்சுமையின்போது 72 பாகை காட்டும் இயந்திரம், முப்பத்துநான்கு பாகை அறையில் 84 பாகை காட்டும். குளிர்நாட்டவன் மிகைவேகத்துக்காக வைத்திருக்கும் பன்னிரண்டு பாகை இங்கே காலநிலையாற் செலவழிக்கப்பட்டுவிடுகின்றது. இதற்குமேல் துறைமுகக் காற்றின் உப்பு உண்டு. கடற்கரையோரத்து வீடுகளிற் குளிர்ப்பியின் செட்டைகளில் உப்பும் தூசியும் ஈரமுஞ் சேர்ந்து படையாகி வெப்பத்தை வெளியேறவிடாது தடுப்பதோடு, தாய்ப்பலகையின் உலோகத் தொடுகைகளையும் அரிக்கின்றன. வாடைக்காற்றுக் காலத்து ஈரப்பதனில் மாதக்கணக்கில் இயக்காது வைத்த கணினி, இயங்கிய கணினியிலும் விரைவாகக் கெடுதல் கூடும்.

எல்லையை மீறல் என்பதற்கு இத்துறைமுகமே ஒரு சான்றைத் தன் நீரடியில் வைத்திருக்கின்றது. 1944 ஆகஸ்ட் 8ஆந் திகதி, பிரித்தானியப் போர்க்கப்பலான வலியன்ற் திருகோணமலையின் மிதக்கும் செப்பனிடு தளமொன்றில் ஏற்றப்பட்டுக்கொண்டிருந்தது. முப்பதாயிரம் தொன்னுக்கு மேற்பட்ட கப்பல். போதாக்குறைக்கு வெடிமருந்துகளும் முழுமையாக நிரம்பியிருந்தன. தளத்தை உயர்த்துவதற்காக அதன் தொட்டிகளிலிருந்து நீரை வெளியேற்றிய ஒழுங்கு, கப்பலின் பாரம் பரவியிருந்த முறைக்குப் பொருந்தவில்லை. இரு முனைகளிலும் தகைப்பு மிகுந்து தளம் முதுகு முறிந்து மூழ்கிற்று. கப்பல் மிதந்து தப்பினும் அதன் செலுத்திகளும் சுக்கானும் சேதமுற்றன. முன்னணிப் போர்ச் சேவைக்கு அது பின்னர் திரும்பவில்லை. இவ்விபத்திற் பாரத்தின் மொத்தத் தொகையோடு, பாரம் எவ்விடத்தில், எவ்வொழுங்கில் ஏற்றப்பட்டதென்பதும் பங்குகொண்டது. முறைவழியாக்கியைப் பற்றியும் இதையே கூறலாம். வேகம், வோல்ற்றளவு, நினைவகம் ஆகிய மூன்றையும் ஒரே தடவையில் உயர்த்துபவன் எது முறிந்ததென்று அறியமாட்டான்.

இனிச் செய்முறை. முதற்கண், இயந்திரம் இதற்கு இடந்தருவதா என்பதை அறிதல் வேண்டும். இன்ரெல் ஆயின் 'கே' வகை முறைவழியாக்கியும் அதற்குரிய 'இசற்' வகைத் தாய்ப்பலகையும் தேவை. ஏ.எம்.டி.யின் 2017இல் தொடங்கிய ரைசன் வரிசையிற் பெரும்பாலானவை திறந்தவை. எனினும் 'ஏ' வகைத் தாய்ப்பலகைகள் இடந்தரா. அலுவலகங்களிலிருந்து கழித்து விற்கப்படும் பெருநிறுவனக் கணினிகள், எமது கடைகளில் இரண்டாங் கையாகக் கிடைப்பவற்றுட் பெரும்பாலானவை, முற்றாகப் பூட்டப்பட்டவை. அவற்றுக்கு ஒரு திண்மநிலை வட்டும் மேலதிக நினைவகமும் தரும் நன்மை எந்த மிகைவேகத்தாலும் கிட்டாது. உண்மையைக் கூறின், சுழலும் பழைய வட்டைக் கொண்ட கணினியொன்றில் முறைவழியாக்கியின் வேகத்தைப் பற்றிக் கவலைப்படுவது வீண்வேலை.

இடந்தரும் இயந்திரமாயின், கோப்புகள் யாவற்றையும் வேறொரு வட்டிற் படியெடுத்த பின்னரே கைவைத்தல் வேண்டும். குளிர்ப்பியைக் கழற்றித் தூசியகற்றி, காய்ந்துபோன வெப்பக் களியைத் துடைத்துப் புதிதாக இடவேண்டும். பெட்டியினுட் குளிர்காற்று நுழையவும் சூடான காற்று வெளியேறவும் வழியுண்டா எனப் பார்க்கவேண்டும். மின்வழங்கியின் தரமும் முக்கியமானது. பெயரில்லா மலிவு மின்வழங்கியின் மீது எழுதப்பட்ட உவாற்றளவை நம்பி மிகைவேகத்தில் இறங்குதல் தகாது. பின்னர், எதையும் மாற்றாத நிலையில், முழுச்சுமையை ஒரு மணிநேரம் கொடுத்து வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுதல் அவசியம். கோர் ரெம்ப் போன்ற மென்பொருள் அதனைக் காட்டும். இயல்பு நிலையிலேயே 85 பாகையைத் தாண்டும் கணினிக்கு மிகைவேகம் விலக்கு.

அதன்பின், கணினி தொடங்கும்போது தோன்றும் அடிப்படை அமைப்புத் திரையிற் பெருக்கெண்ணை ஒன்றால் மாத்திரம் உயர்த்தவேண்டும். அதாவது 100 மெகாஹேர்ட்ஸ். வோல்ற்றளவைத் தொடலாகாது. அரை மணிநேரம் சோதனை. பின் அடுத்த படி. சோதனைக்கு பிறைம்95 ஏற்றது. 1996இல் தொடங்கிய பெரிய முதன்மை எண் தேடலுக்காக ஆக்கப்பட்ட அம்மென்பொருள், தன் கணிப்புகளைத் தானே சரிபார்த்துக்கொள்வதால் கணினி நிலைகுலையாமலே விடும் பிழையையும் பிடித்துவிடும். பிழை தோன்றும் முதற்படியில் ஒன்றிரண்டு படிகள் கீழிறங்கி நின்றுவிடுவதே எமது ஆலோசனை. மேலும் செல்லவேண்டுமென்போர் வோல்ற்றளவை 0.01 அல்லது 0.02 வோல்ற்று அளவிற் கூட்டி, ஒவ்வொரு தடவையும் வெப்பநிலையை மீண்டும் நோக்கவேண்டும். 'தானியங்கி' என்ற தெரிவில் வோல்ற்றளவை விட்டுவிடுதல் ஆபத்தானது. தாய்ப்பலகைகள் பல தேவைக்கு மிஞ்சியே கொடுக்கின்றன. நினைவகத்தின் வேகத்தை இவையெல்லாம் முடிந்தபின் தனியாக உயர்த்தி மெம்ரெஸ்ற்86 கொண்டு சோதிக்கலாம். கணினி தொடங்க மறுப்பின் பதற்றம் வேண்டாம். மின்னிணைப்பை நீக்கித் தாய்ப்பலகையிலுள்ள சிறு நாணய மின்கலத்தைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்தால் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பும்.

மின்சாரம் பற்றியும் ஒரு சொல். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததையும், 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உபமின்நிலையத்திற் புகுந்த குரங்கொன்றினால் நாடே இருளில் மூழ்கியதையும் நாம் அறிவோம். நிலைநாட்டப்படாத அமைப்புகளைச் சோதிக்கும் வேளையில் மின்தடை ஏற்படின் வட்டிலுள்ள கோப்புகள் சிதையக்கூடும். தடங்கலிலா மின்வழங்கியின்றி இச்சோதனைகளில் இறங்கலாகாது. சித்திரை, ஐப்பசி மாதங்களின் மாலை இடிமின்னலின்போது கணினியைச் சுவரிணைப்பிலிருந்து நீக்கிவிடுவதே பாதுகாப்பு.

ஆய்வாளர்க்கு இவற்றினும் பாரதூரமான ஆபத்து, ஓசையற்ற பிழையாகும். நிலைகுலைந்து அணைந்துவிடும் கணினி நேர்மையானது. தன் நோயைத் தானே அறிவிக்கின்றது. பல மணிநேரம் சரியாக இயங்கி, எங்கோ ஓரிடத்தில் ஓர் இலக்கத்தைப் பிறழவைக்கும் கணினி அவ்வாறன்று. விளையாட்டில் ஈடுபட்டோர்க்குத் திரையில் ஒரு புள்ளி நிறம் மாறுவதால் நட்டமில்லை. பழைய சஞ்சிகையொன்றின் ஒரேயொரு பிரதியை வருடிச் சுருக்கிச் சேமிக்கும்போது ஒரு பிற் மாறின், அக்கோப்பின் ஒரு பக்கமே திறக்காது போகலாம். அது சில ஆண்டுகள் கழித்தே தெரியவரும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டதையும், பின்வந்த போரில் இடம்பெயர்ந்த வீடுகளோடு அழிந்த தனிச் சேகரங்களையும் நினைவிற்கொள்ளும் சமூகத்திற்கு, எஞ்சிய பிரதியைச் சிறிது வேகத்துக்காகப் பணயம் வைத்தல் ஆகாது. ஆவணப்படுத்தும் பணி நடைபெறும் கணினி குறித்த வேகத்திலேயே இயங்கட்டும் என்பது எமது உறுதியான கருத்து. எழுத்துணரி மென்பொருளை இரவு முழுவதும் ஓடவிட்டால் வேகக்குறைவு ஒரு குறையாகவே தோன்றாது.

மிகைவேகத்தால் வரும் கேட்டுக்குப் பயனாளரின் பேராசையே காரணம் என்னும் வாதம் அண்மைக் காலத்தில் வலுவிழந்துள்ளது. ஒப்பீட்டு அட்டவணைகளில் முதலிடம் பெறும் போட்டியில் நிறுவனங்களே எல்லையை நெருங்கித் தம் பண்டங்களை விற்கின்றன. 2023இல் ரைசன் 7000 வரிசையின் சில துண்டுகள் மிகை வோல்ற்றளவினாற் கருகியபின், தொடர்புடைய வோல்ற்றளவை 1.3க்கு மட்டுப்படுத்த ஏ.எம்.டி. நடவடிக்கை எடுத்தது. 2024இல் இன்ரெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணினித் துண்டுகள் நிலைகுலைவதாக முறைப்பாடுகள் பெருகின. தனது நுண்கட்டளைகளே தேவைக்கு மிஞ்சிய வோல்ற்றளவைக் கோரியமை காரணமென்று அவ்வாண்டு ஜூலையில் அந்நிறுவனம் அறிவித்தது. ஆகஸ்ட் முதற் திருத்தங்களை வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் இரண்டாண்டுகள் நீட்டிற்று. ஏற்கெனவே சேதமுற்ற துண்டுகளைத் திருத்தம் மீட்கவில்லை. இத்துண்டுகளைக் கொண்ட கணினியை இரண்டாங் கையாக வாங்குவோர், அடிப்படை அமைப்பு மென்பொருள் புதுப்பிக்கப்பட்டதா என விசாரித்தே வாங்குதல் வேண்டும்.

இச்சூழலில் எதிர்த்திசைப் பயணமொன்று எமது பிரதேசத்துக்குப் பெரிதும் உகந்தது. வேகத்தை மாற்றாது வோல்ற்றளவை மாத்திரம் 0.01 வோல்ற்றாகக் குறைத்துக்கொண்டு செல்லலாம். மேற்கூறிய அதே சோதனைகளே இதற்கும் பொருந்தும். பிழை தோன்றின் இரண்டு படி மேலேறி நிற்கவேண்டும். பாதுகாப்பு எல்லையாக உற்பத்தியாளர் விட்ட அதே இடைவெளி இங்கு வேகமாகாது குளிர்ச்சியாக மாறுகின்றது. வோல்ற்றளவின் வர்க்கத்தோடு வலு குறைவதால் ஐந்து வீதக் குறைப்பே ஏறத்தாழப் பத்து வீத வெப்பத்தைத் தவிர்க்கும். மின்கட்டணமும் சிறிது குறையும். புதிய முறைவழியாக்கிகள் வெப்பம் இடங்கொடுக்குமளவுக்குத் தாமே வேகத்தை ஏற்றிக்கொள்ளும் இயல்பின. ஆதலாற் குளிர்ச்சி பெற்ற துண்டு கேளாமலே விரைவாகவும் இயங்கும்.

எவ்வழியைத் தேர்ந்தாலும் இறுதிச் சோதனையை மார்கழி இரவில் நடத்தித் திருப்திப்படலாகாது. வாடை வீசும் மாதங்களில் நிலைபெற்ற அமைப்பு ஆனியிற் குலையும். கச்சான் அடிக்கும் நாளொன்றில், நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை, வழமைபோல் யன்னலைத் திறந்து, வழமையான மின்விசிறியோடு, முழுச்சுமையையுங் கொடுத்துப் பார்க்கவேண்டும்.